றோஸியின் புல் கோர்ட் பிறெஸ்

கொட்டாஞ்சேனை றோஸி இளவயதில் வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடியவள். உயரம் போதாது, ஆனால் நன்றாக ஓடுவாள். அவளுடைய அணி 'புல் கோர்ட் பிறெஸ்' ஆடுவதற்குப் பேர்போனது. வழக்கமாக, எதிரணி பந்தோடு நம் பாதிக்கு வரும்வரை காத்திருந்துதான் தடுப்பார்கள். இதில் அப்படியில்லை. பந்தை உள்ளே எறிகிற இடத்திலேயே ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு, மைதானம் முழுவதும் நெருக்க வேண்டும்.

கல்யாணத்தோடு விளையாட்டு நின்றது. கணவர் ஹெக்டர் துறைமுகத்தில் எழுதுவினைஞர். ஓயாமல் கதைக்கிற மனிதர். சென்ற வருடம் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. நடை சீக்கிரம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. மற்றவர்கள் சொல்வது விளங்கும். பதில் சொல்ல வாய் திறந்தால் வெறும் சத்தம்தான் வரும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த சுபாஷினி வெள்ளவத்தைப் பிள்ளை. "அன்ரி, இந்த முதல் மாதங்கள்தான் முக்கியம். ஒரு புல் கோர்ட் பிறெஸ் போடுவம்" என்றாள். முழுமூச்சாக முயல்வோம் என்பதற்கு ஆங்கிலத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். கூடைப்பந்தை அவள் தொட்டதேயில்லை. றோஸியோ அதை மைதானத்தில் கேட்டதுபோலவே எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே தொடங்கியது. அலுமாரி, குசினி, குளியலறை எங்கும், அவர் பார்த்துப் பெயர் சொல்லிப் பழகுவதற்காகப் படங்கள் ஒட்டினாள். ஹெந்தளையில் இருக்கும் மகள் நிலூஷா காலையும் மாலையும் போனில் அப்பாவிடம் கேள்வி கேட்டாள். அக்கம்பக்கத்தவர்களும், வணக்கம் சொன்னால் பதில் வரும்வரை நகரக்கூடாது என்று கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஹெக்டர் திரும்பிய பக்கமெல்லாம் யாரோ ஒருவர் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு பின்னேரம் றோஸி தேநீரை நீட்டி, "இது என்ன, சொல்லுங்க" என்றாள். அவர் கோப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தட்டியும் திறக்கவில்லை.

கதவடியில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குப் பழைய ஆட்டமொன்று நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நெருக்கியது மற்ற அணி. மூலையில் இரண்டு பேர் அவளை மறித்து நின்றார்கள். பந்து கையில் இருந்தது. கொடுக்க ஆள் தெரியவில்லை. கடைசியில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனி ஒண்டும் கேக்க மாட்டேன், ஹெக்டர்" என்றாள் கதவைப் பார்த்து. "வெளிய வாங்க."

கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் விலகியது.

படங்களைக் கழற்றினாள். பயிற்சி சுபாஷினி வரும் நாட்களில் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாள். சுபாஷினி சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். வீட்டில் றோஸி தன்பாட்டில் ஊர்க்கதை சொன்னாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

சில வாரங்கள் போயின. வாசலில் மீன்காரனோடு சிங்களத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து நின்ற ஹெக்டர் மீனை எட்டிப் பார்த்து, "எப்பா" என்றார். வேண்டாம் என்று அர்த்தம். மீன்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். றோஸி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹெக்டர் வேலைக்குத் திரும்பவில்லை. இப்போது தமிழும் சிங்களமும் கலந்து சில சொற்கள் வருகின்றன. பெயர்கள்தான் மாறிப் போகின்றன. றோஸியை நிலூஷா என்று கூப்பிடுவார். அவள் திருத்துவதில்லை, "ஓம்" என்று பதில் கொடுத்து எழுந்து அவரிடம் போவாள்.