எனக்குச் சர்க்கரை

டிபன் கடையில் சர்வராக இருப்பவன் கையைச் சுட்டுக்கொள்ளலாம், நடந்து நடந்து காலைத் தேய்த்துக்கொள்ளலாம், சர்க்கரை நோயை மட்டும் வரவழைத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு வந்துவிட்டது. மெயின்கார்டு கேட் பக்கத்தில் வேலை, ஸ்ரீரங்கத்தில் வீடு, காலையில் வயிற்றில் ஒரு இன்சுலின் ஊசி. மாத்திரை டப்பாவோடு ஓட்டலுக்குப் போகிற என் இனத்தாரே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

வித்தவுட்

எங்கள் பாஷையில் சர்க்கரை போடாத காபிக்கு ‘வித்தவுட்’ என்று பெயர். நெய் மிதக்கும் பொங்கலை வழித்துவிட்டு, கூடவே பூரி செட்டையும் முடித்துவிட்டு, பத்தியக்காரர் மாதிரி வித்தவுட் கேட்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு இட்லி, கிண்ணம் நிறையச் சாம்பார் என்று எழுந்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

நானும் வித்தவுட்தான். காபி மாஸ்டர் துரைக்கு அது ஒரு தமாஷ். என் தலையைப் பார்த்ததும் கல்லா வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார். “வித்தவுட்டுக்கு ஒரு வித்தவுட்!”

அடைக்கு வெல்லம்

பெரிய கடை வீதியில் கடை வைத்திருக்கும் பஷீர் பாய், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டம்மாவோடு வருவார். அவருக்கும் ஊசிதான். அடைதான் சொல்வார், பருப்பு உடம்புக்கு நல்லது என்பார். ஆசையெல்லாம் கூட வைக்கிற வெல்லத்தின் மேல். வெல்லம் இல்லாமல் கொண்டுபோனால் சண்டைக்கு வருவார். வைத்தாலோ, அவர் விரல் நீளுவதற்குள் அந்தம்மா எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வார்.

ஒரு தடவை அந்தம்மா கை கழுவப் போன நேரம், பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “தம்பி, சட்னிக்கு அடியில ஒரு துண்டு மறைச்சு வைங்க. அல்லாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

துரையின் அன்பு

வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறி, கடைக்கு வந்த கையோடு இட்லி சாப்பிடுவது என் வழக்கம். அன்று ஞாயிற்றுக்கிழமை. காவிரிப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. கடைக்குள் நுழைந்தால் கூட்டம் பிதுங்குகிறது. முதலில் டேபிளைப் பார் என்றார் முதலாளி. பார்த்தேன். பாய்க்கு அடை வைக்கும்போதே கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது. தோசை கேட்டவருக்குப் பூரி வைத்தேன். ஊசி உள்ளே போயிருக்கிறது, சாப்பாடு போகவில்லை, விழப்போகிறேன் என்று தெரிந்தது. எதிரில் கேசரி இருந்தும், எடுத்து வாயில் போடலாம் என்று புத்திக்கு எட்டவில்லை.

நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் காபி கேட்கத்தான் துரையிடம் போனேன். நாக்கு புரளவில்லை. காபி, எனக்குச் சர்க்கரை என்பது வரைக்கும்தான் வந்தது. துரை அன்போடு டம்ளரை நீட்டினார். “உனக்குச் சர்க்கரைன்னு எனக்குத் தெரியாதாய்யா? வித்தவுட்தான், குடி.”

பிடுங்கிய வெல்லம்

குடித்தேன். பாதியில் டம்ளர் நழுவியது. கண் இருட்டிக்கொண்டு வர, கைக்கு எட்டிய டேபிளைப் பிடித்தேன். பாயின் டேபிள். வீட்டம்மா என் முகத்தைப் பார்த்தார். பாய்க்கு இப்படி வந்து பார்த்தவர் போலிருக்கிறது. சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பாயிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த வெல்லத்தை அப்படியே என் வாயில் திணித்து, மென்னு முழுங்கச் சொல்லி அதட்டினார். துரையை விரட்டிச் சர்க்கரைத் தண்ணீர் கலக்க வைத்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களின் முகம் தெரிந்தது. உயிர் திரும்பிய சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். துரை தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பாய் மட்டும் காலித் தட்டையே பார்த்துப் பெருமூச்சு விட்டார். “எத்தனை வருஷமா நான் கெஞ்சறேன், ஒரு துணுக்கு கண்ணுல காட்டலை. உங்களுக்கு ஊட்டியே விட்டுட்டா.”

இப்போதெல்லாம் என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம் இருக்கிறது, அதை ஞாயிற்றுக்கிழமைகளில் பாயிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.