முடிச்சுப் போடத் தெரியாத பூச்சாண்டி

குருசுக்குப்பம் பால்வாடியில் ஜெயம் முதன்முதலாகப் பேய்க்கதை சொன்ன அன்று ஒரு பிள்ளைகூடப் பயப்படவில்லை.

கதை பிரெஞ்சுக்காரர்களுடையது. அவள் அம்மா இருபது வருஷம் சமையல் செய்தது ஒரு சொல்தா வீட்டில். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கிய அந்தக் குடும்பம் எழுபத்தாறில் பிரான்சுக்கே போனபோது, ஒரு பெட்டி நிறையப் படப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனது. ஜெயத்தின் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி என்றாலும், கன்னியர் பள்ளியில் படித்த புண்ணியத்தில் அவளுக்குத் தமிழோடு பிரெஞ்சும் வரும். அன்று எடுத்த புத்தகத்தில், கட்டிலுக்கு அடியில் ஒரு பேய். விளக்கை அணைத்ததும் ஒற்றைக் கையை மட்டும் வெளியே நீட்டும். படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எங்க வூட்ல கட்டிலே இல்ல டீச்சர்," என்றாள் நாலு வயசு வேம்பு. "அது எங்க வந்து படுக்கும்?"

எங்க வூட்லயும் இல்ல, எங்க வூட்லயும் இல்ல என்று முப்பது கைகள் எழுந்தன. அடுத்த நாள் சொன்ன அலமாரிப் பேய்க்கும் அதே கதி. புகைபோக்கிப் பேய் என்றால் என்னவென்று விளக்கவே அரைமணி ஆயிற்று. ஒவ்வொன்றும் குடியிருக்க இடம் கிடைக்காமல் பெட்டிக்கே திரும்பியது.

ஜெயத்துக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு குடைச்சலும். அப்படியானால் இந்தப் பிள்ளைகளின் பயம் எங்கேதான் குடியிருக்கிறது?

"சரி, உங்க பூச்சாண்டி எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"வலைக்குள்ள!" பிள்ளைகள் யோசிக்கக்கூட இல்லை. கரையில் குவித்துப் போட்ட வலைக் குவியலுக்குள்ளே.

"அங்க எதுக்கு?"

"கைய வுட்டுப் பாரு டீச்சர். மேல காஞ்சிருக்கும். உள்ள மட்டும் ஈரமா இருக்கும்," என்றாள் வேம்பு. "அது மூச்சு வுடறதுதான்."

அன்று சாயங்காலம் ஜெயம் கடற்கரைக்குப் போய், யாரும் பார்க்காத நேரம் ஒரு வலைக் குவியலுக்குள் கையை விட்டாள். உள்ளே ஈரம்தான். கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

டிராயிங் நோட்டில் பன்னிரண்டு பக்கம் வரைந்தாள். கருநீல உடம்பு, கண்ணுக்கு இரண்டு வலை மிதவைகள். எல்லாரும் தூங்கிய பிறகு பூச்சாண்டி வலையிலிருந்து வழுக்கி இறங்குகிறது. அப்பாக்கள் எங்கேதான் போகிறார்கள் என்று பார்க்கக் கட்டுமரத்தில் ஏறிக் கடலுக்குள் போகிறது. அதோடு கதை முடிந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை என்றார்கள். நாலு தடவை சொன்னாள்.

மூன்றாம் நாள் வேம்புவின் அம்மா முத்தம்மாள் மீன் கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, இன்னா கதை சொல்லி வெச்ச எம்புள்ளைக்கு? பூச்சாண்டி நடுக்கடல்ல குந்திக்கினு கீதாம். அப்பா போவாதன்னு கால கட்டிக்கினு வுடமாட்டேங்குது. மூணு நாளா கட்டுமரம் கரையிலயே கெடக்குது. நாங்க இன்னாத்த துன்றது?"

"அக்கா, நான் வேணும்னு…"

"நாளைக்கும் அது கால வுடலன்னா அந்த நோட்டு அடுப்புக்குப் போவும். குப்பத்துப் புள்ள ஒண்ணு இங்க வராது. சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவள்தான். அவள் பிள்ளையை நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள். ஜெயம் நோட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். வேம்பு அங்கேயும் அப்பன் காலைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அப்பன் உத்திராபதி நகரவும் முடியாமல், திட்டவும் மனசு வராமல், வலை பிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. இதுதான் அந்த பொஸ்தகம்."

கையை லுங்கியில் துடைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். கரையில் கிடந்த கட்டுமரத்தில் பூச்சாண்டி ஏறுகிற கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணைச் சுருக்கினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"எந்த ஊரு மரம் டீச்சர் இது?"

"ஏன்?"

"கரையில மரத்த கட்டியே வெச்சிருப்பாங்களா? தண்ணி குடிச்சி ஊறிப்பூடும். வந்த ஒடனே கயித்த அவுத்துட்டு ஒவ்வொண்ணா காயப் போடுவோம். அங்க பாரு."

ஜெயம் பார்த்தாள். கட்டுமரத்தின் நாலு மரத்துண்டுகளும் தனித்தனியாக மணலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் கயிற்றுச் சுருள். அடுத்த தெருவிலேயே பிறந்து வளர்ந்து, தினமும் இந்தப் பக்கம் நடந்தவள். இதைப் பார்த்ததே இல்லை.

வேம்பு அப்பன் காலிலிருந்து ஒரு கையை எடுத்தாள். "அப்ப பூச்சாண்டி எப்படிப்பா போச்சி?"

உத்திராபதி ஜெயத்தைப் பார்த்தான். ஜெயம் வேம்புவைப் பார்த்தாள்.

"அதான் எனக்கும் தெரியல," என்றாள். "மரத்தக் கட்டணும் இல்ல? அதுக்கு முடிச்சுப் போடத் தெரியுமா?"

வேம்பு நோட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். "தெரியாது," என்றாள் முடிவாக. "அதுக்கு வெரலே இல்ல. நீதான் வரையல."

உண்மைதான். கை என்று இரண்டு கொழகொழ உருண்டைகளைத்தான் ஜெயம் வரைந்திருந்தாள். அங்கேயே மணலில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைக் கிழித்தாள். புதிய பக்கத்தில் நாலு மரமும் நாலு பக்கம் கிடந்தன. நடுவில் பூச்சாண்டி கயிற்றைத் தன்னைச் சுற்றியே சுற்றிக்கொண்டு, விடிகிற நேரத்தில் திருதிருவென்று விழித்தது.

"பாவம்," என்றாள் வேம்பு. இன்னொரு கையையும் எடுத்தாள்.

வீட்டுக்குப் போகும்முன் வேம்பு ஒரு முழம் கயிற்றுத் துண்டை வலைக் குவியலின் மேல் வைத்தாள். பூச்சாண்டி முடிச்சுப் போட்டுப் பழகட்டுமாம்.

மறுநாள் விடியுமுன் உத்திராபதி கடலுக்குப் போனான்; வேம்பு எழுந்திருக்கக்கூட இல்லை. காலையில் அவள் பால்வாடிக்குக் கயிற்றுத் துண்டோடு ஓடிவந்தாள். நடுவில் ஒரு முடிச்சு. தொளதொளவென்று, கோணலாக, பார்த்தாலே அவிழ்ந்துவிடும் போல.

அப்பன் வேலைதான் என்று ஜெயம் நினைத்துக்கொண்டாள். மதியம் அவன் கரைக்கு வந்ததும் கயிற்றைக் காட்டிக் கேட்டாள்.

"நானா? இவ்ளோ கேவலமா முடிச்சு போட்டா எங்கப்பன் தோல உரிச்சிருப்பாரு. நீதான் போட்டிருப்பன்னு நெனச்சேன் டீச்சர்."

முத்தம்மாளுக்குக் கோபம் போய்விட்டிருந்தது. ஆனாலும், முடிச்சு அவள் போட்டதா என்று கேட்டதும், "எனக்கு வேற பொழப்பு இல்லியா?" என்றாள்.

அதன் பிறகு பத்து வருஷத்தில் ஜெயம் பதினோரு புத்தகங்கள் வரைந்தாள். எதுவும் அச்சுக்குப் போகவில்லை. பிள்ளைகள் எச்சில் தொட்டுத் திருப்பியே பக்கங்கள் மெலிந்தன. கடைசிப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டு, பூச்சாண்டி அப்புறம் என்ன செய்தது என்று அவர்களையே கேட்டுவிட்டுத்தான் வரைவாள். அந்த முடிச்சுக் கயிறு பால்வாடிச் சுவரில் ஆணியில் தொங்கியது. எண்பத்தெட்டில் பால்வாடியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்தபோது, வருகைப் பதிவேட்டைக்கூட விட்டுவிட்டு முதலில் அதைத்தான் எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். வழியெல்லாம் முந்தானையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். முடிச்சு இறுகியும் இல்லை, அவிழ்ந்தும் இல்லை.