ஊதாப்பூ நைட்டி

தெருவில் அவளைக் கோழிக்காரி என்றால்தான் தெரியும். வீட்டின் பின்பக்கம், துவைகல்லுக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவே கூண்டு. பகலெல்லாம் மேய்கிற கோழிகளை இருட்டுவதற்குள் உள்ளே விட்டுக் கொக்கி போட்டாக வேண்டும். அசந்தால் மரத்தில் ஏறிவிடும். ஏறினால் கடுவன் பூனைக்கு விருந்து.

வீட்டு முட்டை வேண்டும் என்று ஆசைப்பட்டுக் குஞ்சுகளை வாங்கி வந்தவர் கணவர், லிப்ட் மெக்கானிக். ஆசை அவருடையதாகவும் கொக்கி இவளுடையதாகவும் எப்போது பிரிந்தது என்று இருவருக்குமே நினைவில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கு அவள் முந்தின நாளே போய்த் தங்கிய அன்று ஒரே ஒரு முறை அவர் அடைக்கப் பார்த்தார். கோழிகள் அலறியடித்து மரத்தில் ஏறின. காலையில் மரத்தடியில் இறகுதான் கிடந்தது. சேதி கேட்டதும் அவள் பந்திக்குக்கூட நிற்காமல் ஓடி வந்தாள். நாலு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அவள் ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை.

"உன் குரலுக்குத்தான்மா அடங்குதுங்க. எங்களுக்கு அந்த ராசி கிடையாது" என்பார் அவர். கேட்க அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அக்காவிடமிருந்து போன் வந்தது. கண் ஆபரேஷன்.

"ஒரு வாரம் வந்து இருடி. வேளைக்கு வேளை சொட்டு மருந்து விடணும், அவ்வளவுதான். மத்தபடி சும்மா கிட."

சும்மா கிட. அந்த இரண்டு சொல்லும் நாளெல்லாம் காதுக்குள்ளேயே சுற்றின.

"வரேன்க்கா. கோழிய யாரு அடைக்கிறது?"

"ஆரம்பிச்சிட்டியா? என் பொண்ணு கல்யாணத்துலயே பந்தி முடியுமுன்ன ஓடினவதானே நீ!"

அன்று வெளியே போய்விட்டுத் திரும்ப நேரமாகிவிட்டது. புடவை மாற்றப் பொழுதில்லை. கட்டியிருந்த பச்சைப் புடவையோடு தானிய டப்பாவைத் தட்டிக்கொண்டு, "ப்பா ப்பா ப்பா" என்று போனாள். கோழிகள் திக்குக்கு ஒன்றாகச் சிதறின. உள்ளங்கையில் கொத்தித் தின்கிற சிவப்புக் கழுத்துக்காரிகூட அவளை வேற்றாள் மாதிரி பார்த்து மதில் மேல் தாவியது.

உள்ளே ஓடி, தினமும் போடுகிற ஊதாப்பூ நைட்டியை மாட்டினாள். சாயம் போன நைட்டி. அதன் ஜிப் பாதியில் நின்றுகொள்ளும். அடியைப் பிடித்து இடப்பக்கமாக ஒரு சுண்டு சுண்டினால்தான் நகரும். அது அவள் கைக்கு மட்டும் தெரிந்த சங்கதி. வெளியே வந்ததும் எல்லாம் ஓடி வந்து காலைச் சுற்றின.

பூப்பந்துப் பயிற்சிக்குக் கிளம்பிய மகள் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"அம்மா, அதுங்களுக்கு உன்னத் தெரியாது. நைட்டியத்தான் தெரியும்."

"போடி, பெரிய கண்டுபிடிப்பு."

சொல்லிவிட்டாள். ஆனாலும் இத்தனை காலம் கொடுத்த குரலும் தானியமும் ஒரு துணியின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறதே! கூடவே இன்னொன்றும் தோன்றியது. அப்படியானால் அதை யார் வேண்டுமானாலும் போடலாமே.

மறுநாள் ஒத்திகை. கணவர் சட்டைக்கு மேலேயே நைட்டியை மாட்டி, ஜிப்பைத் திறந்தபடி விட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். அவள் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். கோழிகள் தயங்கித் தயங்கி அவர் பின்னால் நடக்கத் தொடங்கின. மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் தலை எழும்பியது.

"அண்ணே, தோள்ல இழுக்குது பாருங்க. கொண்டாங்க, பிரிச்சுத் தரேன்!"

அவர் நைட்டியை உருவித் துவைகல்லில் வீசிவிட்டு உள்ளே வந்தார். "நாளைக்குத் தெருவே சிரிக்கும். என்னால ஆகாது."

"விடுங்கப்பா, நான் போட்டுக்கறேன்" என்றாள் மகள். தொளதொளவென்ற நைட்டியை இடது கையால் தூக்கிப் பிடித்து, வலது கையில் டப்பாவோடு நடந்தாள். கோழிகள் ரயில் பெட்டி மாதிரி பின்னால் போயின.

"அவ்வளவுதான்! ஆள் கிடைச்சாச்சு. எம் பொண்ணு ராசிக்காரி!" என்றார் அவர்.

அவள் மகளையே பார்த்தாள். அந்தத் தூக்கிப் பிடிப்பு அச்சு அசல் தன்னுடையது. பயிற்சிக்குப் போகிற நேரம். மட்டை படியில் கிடந்தது.

"ஒரு வாரம்தானேம்மா. பயிற்சிக்கு நான் போகல."

"கழட்டுடி அதை."

குரல் உயர்ந்ததில் கோழிகளே ஒரு நிமிஷம் அடங்கின. அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"எவனோ லிப்ட்ல மாட்டிக்கிட்டா சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடறீங்க. இங்க ஒருத்தி வருஷக்கணக்கா நிக்கிறேன். இப்ப அவளையும் உள்ள விட்டுக் கதவைச் சாத்தப் பாக்குறீங்க."

"அதுக்காக என்னை நைட்டி போடச் சொல்றியா?"

"போடுங்க. இல்ல, கோழிய வித்துடுங்க."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். மறுநாள் கேட்டபோது வேலைக்குக் கிளம்பினார். பாதி அடுக்கிய பை கட்டிலுக்கடியில் கிடந்தது. கிளம்ப வேண்டிய காலையில் மீதித் துணியைத் திணித்து, நைட்டியைக் கூண்டு ஆணியில் மாட்டிவிட்டுப் படியிறங்கினாள். அவர் டீயைக் குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

அக்கா வீட்டில் மாலையானது. மருந்து விட்டாயிற்று. கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்த அக்கா கேட்டாள், "உக்காருடி. எவ்வளவு நேரமா நிப்ப?"

அப்போதுதான், தான் நின்றுகொண்டிருப்பதே அவளுக்குத் தெரிந்தது. வெளிச்சம் குறையக் குறைய வலது கை விரல்கள் கொக்கியைத் தேடின. மகளுக்குப் போன் போட்டாள்.

"நான் பயிற்சியிலம்மா. அப்பாதான் போகச் சொல்லிட்டாரு."

கணவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. ஜன்னலில் இருட்டு வந்து அப்பியது. கொய்யா மரம் கண்முன் வந்தது.

"அக்கா, இப்ப பஸ் இருக்குமா?"

"இருந்தாலும் விடமாட்டேன். கண்ணு தெரியலன்னாலும் புடவையப் பிடிச்சு இழுத்துடுவேன், பாத்துக்க."

போன் அடித்தது. அவர்தான், ரகசியக் குரலில்.

"எல்லாம் உள்ள போயிடுச்சு."

"எண்ணினீங்களா?"

"எண்ணிட்டேன்."

"போட்டீங்களா?"

"இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கேன். சட்டை தெரிஞ்சா அந்தச் சிவப்புக் கழுத்துக்காரி கிட்ட வரல. அதான் ஜிப்பை மேல வரைக்கும் இழுத்தேன். இப்ப இறங்க மாட்டேங்குது. தலை வழியாவும் வரல. வாசல்ல யாரோ வேற பெல் அடிக்கிறாங்க. எப்படிம்மா இறக்கறது?"

அடியைப் பிடித்து இடப்பக்கமாக என்று சொல்ல வாய் திறந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் குடுங்க. தையல்காரம்மா பிரிச்சு விடுவாங்க."