நான் துடைத்த பூசணிக்காய்

போன வாரம் மூன்றாவது மாடி வீட்டுப் பெண் தேய்க்கக் கொடுத்த பையில், துணிகளுக்கு மேலே ஒரு கல்யாணப் பூசணிக்காய் இருந்தது. மொட்டைமாடியில் அவரே வளர்த்தது. "அண்ணா, இது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு லிப்டில் ஏறிவிட்டார். காயின் வெள்ளை ஒரு கறுப்புப் பேண்டில் ஒட்டியிருந்தது. என் கை தானாக ஈரத்துணியை எடுத்து, பேண்டை விட்டுவிட்டுக் காயை நோக்கிப் போனது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தனியாகச் சிரிக்கிற இஸ்திரிக்காரனைப் பற்றி வாட்ச்மேன் என்ன நினைத்தாரோ.

இந்தக் கட்டடம் வருவதற்கு முன் இங்கே ஒரு ஓட்டு வீடு இருந்தது. அதன் மதிலை ஒட்டித்தான் என் தள்ளுவண்டி. அதற்கு முன் சைதாப்பேட்டையில் நின்றேன். என் கரிப்பெட்டியிலிருந்து பறந்த சாம்பல் யாருடைய புடவையிலோ விழுந்தது என்று அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். என் சாம்பல்தானா என்றுகூடக் கேட்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வாத்தியார் கேள்வி கேட்பார் என்ற பயத்திலேயே ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான்.

இங்கிருந்த ஓட்டு வீட்டு அம்மா ஆபீஸ் போகிறவர். தோட்டத்தில் ஒரு எலுமிச்சை, நாலு கத்தரி, தானாக முளைத்த ஒரு பூசணிக்கொடி. கொடி மதிலேறி என் பக்கம் இறங்கி, வண்டிக்கு நேர் மேலே ஒரே ஒரு காய் விட்டது. முதலில் விரல் அளவு, உடம்பெல்லாம் பூனைமுடி. அப்புறம் அது பெருத்த வேகம் இருக்கிறதே, நேற்றுப் பார்த்த காய்தானா என்று தினமும் சந்தேகம் வரும். அம்மா பழைய வேட்டியைக் கிழித்து அதற்குத் தூளி கட்டினார்.

ஒருநாள் காலை காயின்மேல் வெள்ளை படிந்திருந்தது. என் சாம்பல்தான்! இந்த இடமும் போய்விடும். அவசரமாக ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு நாளில் மறுபடி வெள்ளை, மறுபடி துடைத்தேன். திருஷ்டிக்கு உடைக்கிற காயில் அந்த வெள்ளையைப் பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறேன். கெடாமல் இருக்கக் கடைக்காரர் சுண்ணாம்பு பூசுகிறார் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவோ ஆபீஸ் போகும்போது காயைப் பார்த்து முகத்தைச் சுருக்குவார். கண்டுபிடித்துவிட்டார் என்று நான் குனிந்துகொள்வேன்.

ஆயுத பூஜை வந்தது. பெட்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, இரண்டு நாள் கரி மூட்டவில்லை. மூன்றாம் நாள் வந்து பார்த்தால் காய் முழுக்க வெள்ளை. நெருப்பே இல்லாமல் சாம்பல் எங்கிருந்து வரும்? விரலால் தொட்டேன். சாம்பலைப் போல் நறநறக்கவில்லை, வழவழவென்றிருந்தது. தோலுக்குள்ளிருந்து பூத்திருந்தது. அது தன் சட்டையைத் தானே நெய்து போட்டுக்கொள்ள, நான் திரும்பத் திரும்ப உரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல். "பூத்துடுத்து! வெள்ளை பூத்தாத்தான் பறிக்கணும்னு காத்துண்டே இருந்தேன்ப்பா. பூக்கவே மாட்டேங்கறதே, நோயோன்னு பயந்துட்டேன்."

"நாந்தாம்மா... தொட்ச்சிகினு இருந்தேன்."

"எதுக்குப்பா?"

"என் சாம்பலுன்னு நெனச்சேன். இங்கேர்ந்தும் போச் சொல்லிடுவீங்கன்னு..."

அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நன்னாருக்கு! வண்டி இங்கேயே நிக்கட்டும். காயை மட்டும் குளிப்பாட்டாதே. இந்தா, பறிச்சுத் தரேன், வண்டிக்குத் திருஷ்டி சுத்தி உடைச்சுக்கோ."

"இத்த ஒடைக்க மனசு வராதும்மா."

நான் இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ள, அம்மா தூளியை அவிழ்த்துக் காம்பை அறுத்தார். பாரம் இறங்கியதும் கொடி மொத்தமும் ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டிப் பலகையில் வைத்து வெட்டினோம், ஆளுக்குப் பாதி. வீட்டில் கூட்டு வைத்தபடியே என் மனைவி கேட்டாள்: "இன்னாயா, இத்தினி நாளா இன்னான்னு ஒரு வார்த்த கேக்க வாய் இல்ல உனக்கு?"

அந்த மதிலும் கொடியும் போய்விட்டன. அம்மா மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். என் பெட்டி இப்போது கேஸில் சூடாகிறது. இமையிலும் தோளிலும் ஒட்டியிருந்த சாம்பலைக் கடைசியாகத் தட்டிவிட்டது எந்த நாள் என்று நினைவில்லை.

போன வாரம் அந்தக் கறுப்புப் பேண்டை மட்டும் துடைத்தேன். காயைத் தொடவில்லை. இனி எந்த வெள்ளைக்கும் நான் பயப்பட வேண்டியதில்லை. என்னிடம் சாம்பலே கிடையாது.