அடுத்த தெருவில் நின்ற என் கடை

கொரோனா ஓய்ந்த மறு வருடம் அது. திருப்பூரில் கணவருக்கு இருந்த வேலை போய், சொந்த ஊரான உத்தமபாளையத்துக்கே திரும்பியிருந்தோம். வீட்டுச் சமையலறையில் கேக் செய்து விற்க ஆரம்பித்தேன். அந்தச் சின்ன ஓவனை நம்பித்தான் அப்போது குடும்பம் ஓடியது.

கடை என்று தனியாக எதுவும் கிடையாது. விளம்பரமெல்லாம் போனில்தான். தினமும் ஸ்டேட்டஸில் படம் போடுவேன், சின்னதாக ரீல்ஸ் எடுப்பேன். நாத்தனார் சொன்னதால் மேப்பிலும் கடையைச் சேர்த்தேன். முகவரியை அடித்ததும் வந்து நின்ற சிவப்புப் புள்ளிக்கு அப்படியே 'சரி' கொடுத்துவிட்டேன். அது எங்கள் வீட்டின் மேல்தான் நிற்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆர்டர்கள் வரத் தொடங்கின. பண்ணைப்புரம், சின்னமனூர் என்று வெளியூர்க்காரர்களும் வண்டியில் வந்து வாங்கிப் போனார்கள். பலர் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தியே வந்தார்கள். ஆனாலும் யாருடைய முகத்திலும் எரிச்சல் இருக்காது. நானும் ஏனென்று யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. கோம்பையிலிருந்து ஒருவர் மகளின் பிறந்தநாள் கேக்கை வாங்க வந்தார். பெட்டியைக் கையில் வாங்கியவர், "ஒங்க இன்னொரு வீட்டு அக்கா தங்கமா பேசுறாக. மழைக்கு உள்ள கூப்பிட்டு டீயெல்லாம் குடுத்தாக" என்றார்.

"எங்களுக்கு இன்னொரு வீடா?"

"அட, மேப் அங்கனதான காட்டுச்சு!"

எனக்குத் திக்கென்றது. மழை விட்டதும் அவர் சொன்ன அடையாளத்தை வைத்து அடுத்த தெருவுக்கு ஓடினேன். பச்சை கேட் போட்ட வீடு. கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. என் கடைப் பெயரைப் பெரிதாக எழுதி, 'பின் தெரு, பள்ளிவாசல் தாண்டி இடது பக்கம்' என்று வழியும் போட்டிருந்தது.

மெல்லத் தட்டினேன். முக்காட்டைச் சரிசெய்தபடி நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். உதட்டில் விரலை வைத்து, "மெதுவா... கேக்குக்கா? இங்கன இல்லம்மா" என்று ஆரம்பித்தார்.

"அந்தக் கேக் கடைக்காரி நான்தான்க்கா."

உள்ளே கட்டிலில் அவருடைய அப்பா படுத்திருந்தார். பக்கவாதம். பெல் சத்தம் கேட்டால் அவருக்கு உடம்பு தூக்கிப் போடுமாம். என்னைத் தேடி வருகிறவர்கள் ஓயாமல் அடித்ததால் அந்த அக்கா பெல்லையே கழற்றிவிட்டு, சாயங்காலங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மேப்புலயே என் நம்பர் இருக்குமேக்கா. கூப்பிட்டுத் திட்டியிருக்கலாமே?"

"கூப்பிட்டேனே தாயி! எடுத்ததுமே 'ஆர்டராக்கா?'ன்னு அம்புட்டு ஆசையாக் கேட்ட. சொல்ல வாய் வரல. வச்சுட்டேன். எங்க வீட்ல அவுக, மேப்புல ஒரே ஒரு ஸ்டார் போட்டு மோசமா எழுதிவிடுறேன்னாக. நாந்தான், இப்பத்தான் தொழில் ஆரம்பிச்ச பிள்ள, பேரக் கெடுக்க வேணாம்னேன்."

அங்கேயே நின்று போனை எடுத்து, மேப்பில் புள்ளியை எங்கள் வீட்டுக்கு நகர்த்தினேன். எட்டிப் பார்த்தவர், "பாத்து தாயி, இந்தத் தடவ ஆத்துக்குள்ள போயிரப் போகுது" என்று சிரித்தார்.

மேப்பில் அந்த மாற்றம் உடனே வந்துவிடவில்லை. அது வரும்வரை, சாயங்காலமானால் கணவரை வீட்டில் விட்டுவிட்டு நான் போய் அந்த கேட்டில் நின்றேன். கேக் வாங்கித் திரும்பும் பழைய வாடிக்கையாளர்கள் வண்டியை நிறுத்தி, "போய்ட்டு வாரோம்க்கா" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் ஒவ்வொருவரிடமும் பிள்ளையின் பெயரைக் கேட்டு, நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தி அனுப்புவார்.

இப்போது கடைத்தெருவில் எனக்கென்று ஒரு சின்னக் கடை இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்கள் யோசனை கேட்டு வந்தால் ஸ்டேட்டஸ், ரீல்ஸ், மேப் எல்லாவற்றையும் சொல்லித் தருகிறேன். என் கடைக்கு முதலில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவர் என்னை அதுவரை பார்த்தேயிராத ஒரு பெண் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அதை நினைத்தோ என்னவோ, வேறு எங்கேயோ போக வேண்டியவர் வழி தவறி என் கடை வாசலில் வந்து நின்றாலும், எழுந்து போய் இரண்டு வார்த்தை பேசி அனுப்பினால்தான் எனக்கு மனம் ஆறுகிறது.