ஞாயிற்றுக்கிழமைக்கு என் பெயர்

ஐந்து வருடங்களுக்கு முன், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இளநிலைப் படிப்பின் கடைசி செமஸ்டரில் நடந்தது இது. செல்களை வளர்த்துத் திசு உருவாக்குவதுதான் என் பாடம். ஊரில் யார் கேட்டாலும், "லேப்பில் குருத்தெலும்பு வளர்க்கிறோம்" என்று பீற்றிக்கொள்வேன். உண்மையில் பாதி வேலை, செல்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவது. அவற்றுக்கு ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது.

அதனால் நானும் என் வகுப்புத் தோழியும் ஞாயிறுகளைப் பங்கு போட்டிருந்தோம். அவள் அதே நாட்டின் வுப்பர்டால் நகரில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். யார் முறை என்ற பட்டியலை செல்கள் வளரும் இன்குபேட்டர் பெட்டியின் கதவில் அவள்தான் ஒட்டுவாள். அவளுடைய குருத்தெலும்புச் செல்கள் ஆமை வேகம். ஐந்து வாரமாகப் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தாள், ஆய்வேடே அதை நம்பித்தான். என்னுடையவை களை மாதிரி மண்டுபவை.

ஆளுக்கொரு பாட்டில் சத்துநீர், மாற்றக்கூடாது என்பது முதல் நாளே படித்த விதி. ஒரு ஞாயிறு என் முறை. டிராமைப் பிடிக்கும் அவசரத்தில், என் செல்களில் பட்ட பிப்பெட்டையே மறுபடி என் பாட்டிலில் விட்டு, அதிலிருந்தே அவளுடையவற்றுக்கும் ஊற்றிவிட்டேன். நோட்டில் எழுதும்போது பார்த்தால், அவள் பாட்டிலைத் திறக்கவே இல்லை. என் செல் ஒன்றிரண்டு கலந்தாலும் போதும், கொஞ்ச நாளில் அவளுடையதை அமுக்கிவிடும். மைக்ரோஸ்கோப்பில் உடனே தெரியாது. 'பேசாமல் இருந்துவிடலாமா?' என்று நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

திங்கள் காலை அவளிடம் போய், "உன் பாட்டிலைத் தொடவே இல்ல, என்னுதுலேருந்தே ஊத்திட்டேன்" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. செல்கள் இருந்த தட்டுகளை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இனி இதை வச்சு ஒண்டும் செய்ய ஏலாது."

செல்களை அழிக்கத் தன் கையாலேயே கிருமிநாசினி ஊற்றினாள். செல்களை உறைய வைத்திருந்த கடைசிக் குப்பியிலிருந்து மறுபடி தொடங்கினாள். அவகாசம் கேட்கப் பேராசிரியரிடம் இருவரும் போனோம், தவறு என்னுடையது என்று நானே சொன்னேன். நல்லவேளை, அவகாசம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை புதுப் பட்டியலைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு என் பெயர். "என் பேரை எடுத்துடேன்" என்று கெஞ்சினேன்.

"பிழை விட்டா வந்து சொல்லுற ஆள் நீ. ஞாயிறு வருவாய்தானே?" என்றாள்.

இன்று நான் வேலை பார்க்கும் லேப்பில் பட்டியல் எழுதுவது நான். என் செல்களை யாராவது பாழாக்கிவிட்டு வந்து சொன்னால் முதலில் சுள்ளென்று கோபம் வருகிறது. அப்புறம் அவள் நினைவு வர, அடுத்த ஞாயிற்றுக்கு அவர்கள் பெயரையே எழுதிவிடுகிறேன்.