இருவர் எழுதிய கருவி, ஒருவர் பெயர்

முத்தாண்டிக்குப்பத்தில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் கைபேசியில் அந்தச் செய்தி வந்தது: "நம்ம ரெஜினா மேடம் தவறிட்டாங்க. டவுன்ஷிப்ல பதினெட்டாம் வட்டம் குவார்ட்டர்ஸ்ல வச்சிருக்காங்க." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இனி அவரிடம் கேட்க முடியாதே என்கிற கோபம்.

ரெஜினா மேரி அவர்கள் மந்தாரக்குப்பத்தில் ஒரு சிறிய தனியார் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர். கன்வேயர், லிஃப்ட் போன்றவற்றை இயக்கும் புரோகிராம்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. "எப்போதும் இது நடக்கும்", "என்றாவது அது நடக்கும்", "அது வரும்வரை இது நிற்கும்" என்று காலத்தைப் பற்றிய விதிகளைச் சூத்திரமாக எழுதுவோம். அதை வட்டங்களும் அம்புகளுமான ஆட்டோமேட்டா என்ற வரைபடமாக மாற்றினால், எந்திரம் விதியை மீறுமா என்று கண்டுபிடித்துவிடலாம். அதற்காக, கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்கும் சின்னச் சின்னக் கருவிகளை இருவருமாக எழுதினோம். மாற்றும் கருவி அவருடையது. நீண்ட சூத்திரத்தைச் சுருக்கும் கருவி என்னுடையது.

ஒருமுறை, "அவசரக் கயிற்றை இழுத்தால் பெல்ட் என்றாவது நிற்கும்" என்று நான் எழுதிய விதி சோதனையில் தேறிவிட்டது. சந்தோஷமாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்றாவதுன்னா நாளைக்குக்கூட நிக்கலாம் சிவா. கை மாட்டிக்கினு நிக்கிறவனுக்கு இது பதிலா?"

அன்று முழுவதும் உட்கார்ந்து விதியை மாற்றினோம். அப்படிப்பட்டவர் அவர்.

பிறகு கருவிகள் இணையத்தில் வெளியாயின. அதையே வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். இறக்கிக்கொண்டு உதவிக் கட்டளையைத் தட்டினேன். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

"அக்கா, என் பேரு?"

"புது வேலைக்கு அதைத்தான் காட்டணும் சிவா. ரெண்டு பேரு இருந்தா யாரு எதை எழுதினதுன்னு கேப்பாங்க. அப்புறம் சேத்துடறேன்."

"அப்புறம்னா?"

"என்னிக்காவது சேத்துடுவேன். நம்புங்க."

அந்தச் சொல் எவ்வளவு பெரிய ஓட்டை என்று எனக்குக் காட்டியவரே அவர்தான். அவருக்கு அந்த வேலை கிடைத்தது. புதுப் பதிப்புகள் வந்தன. என் பெயர் வரவில்லை. நான் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவரே அழைத்தார். அப்போதே அவரைப் பிடித்திருந்த நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சிவா, ஒரு 'வரும்வரை'க்குள்ள இன்னொரு 'வரும்வரை' வந்தா சுருக்கும்போது தப்பா வருது. உங்க பகுதி. எனக்குப் பிடிபடலை. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"அது உங்க டூல், மேடம்."

அதுவரை அக்கா என்றே அழைத்து வந்தவன் நான். "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

தவறு எங்கே என்று அன்றே கண்டுபிடித்துவிட்டேன். சொல்லவில்லை. அந்தக் கருவியை நம்பி எங்கோ யாரோ ஒரு லிஃப்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தெரிந்தும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவருடைய தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா வேலை எங்களுக்குப் புரியாதுங்க சார். முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு மலர் போடறோம். நீங்கதான் எழுதணும். ஒத்த ஆளா செஞ்சாங்களாமே!"

"இல்லைங்க. ரெண்டு பேரும் செஞ்சோம்."

கையை விட்டுவிட்டார். "இன்னிக்கா சார் இதைச் சொல்லணும்?"

"அவங்களே சொல்வாங்கன்னுதாங்க இத்தனை வருஷம் காத்துக்கினு இருந்தேன்."

அவர் திரும்பி நடந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு வரி அனுப்பினார்: "எழுதிக் குடுங்க சார். உள்ளதை எழுதுங்க."

நேற்று அந்தத் தவற்றைத் திருத்தி, இப்போது கருவியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அனுப்பினேன். நான்கே வரி. திருத்தியவர் என்று என் பெயரைப் போட்டேன். அதற்கு மேலே, தவறு இருப்பதை முதலில் கண்டவர் யார் என்று எழுத ஓர் இடம் இருந்தது. அதில் விரல் வெகுநேரம் நின்றது. மன்னித்துவிட்டேனா என்றால், இல்லை. ஆனால் முதலில் கண்டவர் அவர்தான். எழுதினேன்: ரெஜினா மேரி.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் பெயரை நான் விட்டுவிடவில்லை.